கேரண்டி அட்டையைப் படிப்பதற்கு முன்

கடையில் தொங்குகிற ஸ்பேனர் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். குரோமியப் பூச்சு அடியில் இருக்கும் எஃகைப் பற்றி எதுவும் சொல்லாது. சென்னை பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டி தெரு பக்கம் கருவிக் கடைகளில் ஏறி இறங்கினால், ஒரே 12–13 ரிங் ஸ்பேனரை ஒரு விலைக்கும் பார்க்கலாம், அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் பார்க்கலாம். "ரெண்டும் ஒரே சரக்குதான் சார், பேருக்குத்தான் காசு" என்பார் மலிவாக விற்பவர்.

அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்தியக் கைக்கருவிகளில் கணிசமானவை பஞ்சாபின் ஜலந்தரிலும் லூதியானாவிலும், ராஜஸ்தானின் நாகௌரிலும் உள்ள பட்டறைகளில் உருவாகின்றன. ஒரே பட்டறை நாலைந்து பெயர்களுக்கு அடித்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். வெளிநாட்டுப் பெயர்களுக்கும் கொடுக்கிறார்கள். தபாரியா போல 1969-லேயே ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத் துணையோடு தொடங்கி, சொந்த ஆலையில் செய்பவர்களும் உண்டு. ஆகவே எந்த ஊரில் செய்தது என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. என்ன எஃகு, அதை எப்படிச் சூடாக்கிக் குளிர்வித்தார்கள், தேறாத துண்டுகளைக் கழித்தார்களா அல்லது அதையும் பெட்டியில் போட்டார்களா என்பதில்தான் விலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

இதில் நடுவில் உள்ளது, சூடாக்கிக் குளிர்விப்பது, நம் ஊர்க் கொல்லர்களுக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம். லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பவர் கடைசியில் போடும் துவைச்சல்தான் அது. துவைச்சல் ஏறினால் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும், குறைந்தால் மடங்கிப்போகும். ஆலையில் உலையின் வெப்பநிலையைக் கருவி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் ஸ்பேனரின் மேல் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருப்பதைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். அந்த எழுத்தை எந்த இரும்பிலும் பொறிக்கலாம். உண்மையிலேயே குரோம் வனேடியம் எஃகாக இருந்தாலும், துவைச்சல் சரியில்லை என்றால் அது வீண்.

எல்லாக் கருவிக்கும் ஒரே கடினம் தேவையும் இல்லை. ராக்வெல் சி என்ற அளவுகோலில் அரம் 60-க்கு மேல் இருக்க வேண்டும், இரும்பையே அராவ வேண்டியதல்லவா. கட்டிங் பிளேயரின் வெட்டும் விளிம்பு 55-க்கு மேல். ஸ்பேனர் 40-களில் இருந்தால் போதும். அதற்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் குணம் வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் கையில் இருக்கும்போதே உடையும். "செம ஹார்டு சார்" என்று கடைக்காரர் ஸ்பேனரைப் புகழ்ந்தால் அது முழுப் புகழ்ச்சி ஆகாது.

கடையிலேயே பார்க்கக்கூடியவை

ஸ்பேனர் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு புது போல்ட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். 8 மில்லிமீட்டர் மரையுள்ள சாதாரண போல்ட்டின் தலை 13 மில்லிமீட்டர் இருக்கும். 13 எண் ஸ்பேனரை அதில் மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் ஏற வேண்டும், ஆனால் ஏறியபின் லொடலொடக்கக் கூடாது. ஆட்டம் அதிகம் இருந்தால் அந்த ஸ்பேனர் போல்ட் தலையின் முனைகளில் மட்டும் அழுத்தி அவற்றை மழுக்கிவிடும். தலை மழுங்கிய போல்ட்டைக் கழற்ற ஆகும் செலவில் நல்ல ஸ்பேனர் செட்டே வாங்கலாம். பைக் வேலைக்கு என்றால் வேறு போல்ட் எடுத்துப் போக வேண்டும்: ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் அதே 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 எண் தலைதான் இருக்கும். பெட்டியில் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து செட் வாங்குவது இதனால்தான் வீணாகிறது. 30–32 ஸ்பேனரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாய் திறந்த ஸ்பேனர் போல்ட் தலையின் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கும். ரிங் சுற்றிலும் பிடிக்கும். இறுகிப்போனதைக் கழற்ற ரிங், தளர்ந்தபின் வேகமாகச் சுழற்ற வாய். ஒரு முனையில் வாயும் மறுமுனையில் ரிங்கும் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர் வீட்டுக்கு ஏற்றது. திறந்த வாய் நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கோணல் என்று நினைக்க வேண்டாம். இடுக்கான இடத்தில் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டு மாட்டினால் அடுத்த பிடி கிடைப்பதற்காக வைத்த சாய்வு அது.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மூக்கு நுனிகள் ஒன்றையொன்று தொட வேண்டும். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. கடைக்காரரிடம் ஒயர் துண்டு இருந்தால் ஒரே ஓர் இழையைப் பிரித்து நறுக்கிப் பாருங்கள். பட்டென்று விழ வேண்டும். தடிமனான கம்பியை எந்தப் பிளேயரும் நசுக்கித் துண்டாக்கிவிடும். மெல்லிய இழையை நசுக்காமல் வெட்டுவதில்தான் விளிம்பின் பொருத்தம் தெரியும். பிறகு கைப்பிடி இரண்டையும் மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். திறந்து மூடுவது வழுக்கிக்கொண்டு போகலாம், ஆனால் ஆணி இருக்கும் மூட்டு பக்கவாட்டில் அசையக் கூடாது. புதிதிலேயே அசைந்தால் ஆறு மாதத்தில் விளிம்புகள் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும்.

பிளேயரின் பிளாஸ்டிக் உறை பற்றி ஒரு எச்சரிக்கை. உறை போட்டதெல்லாம் கரண்ட் வேலைக்கு ஆகாது. மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடும் வேலைக்கென்று செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரத்தின்படி அப்படிப்பட்ட ஒவ்வொரு கருவியையும் 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தக் குறி இல்லாத உறை, கை வழுக்காமல் இருப்பதற்கு மட்டும். குறி இருந்தாலும் உறையில் கீறல் விழுந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பிளேயர்தான். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யும் பழக்கத்துக்கு எந்த உறையும் ஈடாகாது.

ஸ்க்ரூ டிரைவரில் நுனியைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. வீட்டில் கண்ணில் படும் நட்சத்திர ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் எண் பிலிப்ஸ் நுனி பொருந்தும். ஒரு ஸ்க்ரூவை நுனியில் மாட்டி டிரைவரைப் படுக்கையாகப் பிடியுங்கள். காந்தம் இல்லாமலே விழாமல் நின்றால் பொருத்தம் நன்று. ஸ்க்ரூ தலையில் சிலுவைக் கோடுகளுக்கு நடுவே மெல்லிய குறுக்குக் கீறல்கள் தெரிந்தால் அது பிலிப்ஸ் அல்ல, போசிட்ரைவ்; மாடுலர் கிச்சன், அலமாரிக் கீல்களில் இது நிறைய வருகிறது. பிலிப்ஸ் நுனியை அதில் திணித்துத் திருகி, ஸ்க்ரூவும் நுனியும் சேர்ந்து மழுங்கியபின் "டிரைவர் மட்டம்" என்று திட்டுவது நியாயமல்ல. டெஸ்டரை ஸ்க்ரூ டிரைவராகப் பயன்படுத்துவதை என்னவென்று சொல்வது. அதன் மெல்லிய தண்டு அதற்கானதே அல்ல.

சுத்தியலில் பார்க்க வேண்டியது முகமும் காம்பும். முகத்தின் விளிம்பு கூராக இல்லாமல் சற்றே சரித்து விடப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் தெறிக்கும். மரக்காம்பின் ரேகைகள் நீளவாக்கில் முனை வரை ஓட வேண்டும். நடுவில் குறுக்கே வெளியேறினால் அங்கேதான் ஒடியும். இரண்டு சுத்தியல் முகங்களை ஒன்றோடொன்று மோதிப் பார்ப்பது சிலரின் பழக்கம். கண்ணுக்கு ஆபத்து, செய்யாதீர்கள்.

டேப் வாங்கும்போது பலர் நல்ல டேப்பைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். நுனிக் கொக்கி ஆடுகிறதாம். அது ஆட வேண்டும். வெளியே மாட்டி இழுத்து அளக்கும்போதும் உள்ளே முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் சேராமல் இருக்க, அதே கனத்துக்குக் கொக்கி நகரும்படி செய்திருக்கிறார்கள். பட்டையின் தொடக்கத்தில் வட்டத்துக்குள் ரோமன் எண் இரண்டு இருந்தால், 5 மீட்டருக்கு 1.3 மில்லிமீட்டருக்குள்தான் பிழை இருக்கலாம் என்று பொருள். தச்சு வேலைக்கு இது போதும்.

திருகித் திருகி வாயைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஸ்பேனரை ஸ்வீடன்காரர் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-இல் இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டு வந்தார். அதில் நகரும் தாடை எவ்வளவு குறைவாக ஆடுகிறதோ அவ்வளவு நல்லது. பயன்படுத்தும்போது அழுத்தத்தின் பெரும்பங்கு நகராத தாடைமீது விழும்படி, நகரும் தாடை இருக்கும் பக்கமாகத் திருப்ப வேண்டும். தாடை விரிந்துபோன ஸ்க்ரூ ஸ்பேனர்கள் பலவும் எதிர்ப்பக்கம் திருப்பியதால் கெட்டவை.

முத்திரைகள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு: திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங்குக்கு 2029, காம்பினேஷன் பிளேயருக்கு 3650. கருவியில் எண் மட்டும் இருந்தால் அது செய்தவர் தானே சொல்லிக்கொள்வது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருந்தால்தான் உரிமம் வாங்கியிருக்கிறார் என்று ஆகும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம்.

புகழ்பெற்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய போலிகளும், எழுத்தைக்கூட மாற்றாத போலிகளும் சந்தையில் இருக்கின்றன. பொறித்த எழுத்து மங்கலாக, ஆழம் கூடியும் குறைந்தும் இருப்பது ஓர் அடையாளம். உறையில் தயாரிப்பாளரின் முழு முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி ஆகியவை சட்டப்படி இருக்க வேண்டும். கொக்கியில் உதிரியாகத் தொங்கும் கருவியில் இதெல்லாம் இருக்காது. அதற்கு கேரண்டி கேட்பதிலும் அர்த்தமில்லை.

'ஆயுட்கால' கேரண்டி யாருடைய ஆயுள்?

உங்களுடையது அல்ல. கருவியின் இயல்பான உழைப்புக்காலம் என்பதே பொதுவான பொருள், அது எவ்வளவு என்பதையும் நிறுவனமே சொல்லும். கீழே பொடி எழுத்தில் தேய்மானம், துரு, தவறான பயன்பாடு, மாற்றம் செய்தது ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். ஆக்சா பிளேடு, டிரில் பிட், அரம், டேப், மரக்காம்பு போன்றவை தேய்ந்து தீரும் பொருள்கள் என்று பெரும்பாலும் முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். மீதி இருப்பது உற்பத்திக் கோளாறு மட்டும். அதாவது, எஃகில் விரிசல் அல்லது துவைச்சலில் பிழை.

இந்த வாக்குறுதியை உலகறியச் செய்தது அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம். 1927-இல் தொடங்கிய அதன் கிராஃப்ட்ஸ்மன் கைக்கருவி உடைந்தால் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம். ரசீதுகூடக் கேட்பதில்லை என்பது அந்நாட்டில் பெரும் பெயர். தாராள மனசு என்று தோன்றும். உள்ளே நல்ல கணக்கு இருந்தது: அடித்து உருவாக்கிய ஸ்பேனர் வீட்டுக்காரர் கையில் எளிதில் உடைவதில்லை, உடைந்தாலும் புதிதின் அடக்கவிலை சொற்பம், மாற்ற வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதும் அபூர்வம். எல்லா ஊரிலும் சொந்தக் கடை இருந்ததால்தான் இது நடந்தது. 2017-இல் கிராஃப்ட்ஸ்மன் பெயரையே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கிவிட்டது. அங்கேயே ஸ்னாப்-ஆன் நிறுவனத்தின் முகவர்கள் வேனில் கருவிகளோடு மெக்கானிக் ஷெட்டுகளுக்குச் சுற்றி வருகிறார்கள். அதன் விலை அதிகம். வாசலுக்கு வந்து மாற்றித் தரும் ஆளின் கூலியும் அதில் இருக்கிறது.

நம் ஊரில் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நடுவே விநியோகஸ்தர் ஒருவர், கடைக்காரர் ஒருவர். விநியோகஸ்தர் உடைந்ததை எடுத்துக்கொண்டால் கடைக்காரர் மாற்றித் தருவார். இல்லையென்றால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் உதட்டைப் பிதுக்குவார். ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வருஷம் கேரண்டி?" அல்ல. "உடைஞ்சா நீங்களே மாத்தித் தருவீங்களா, இல்ல கம்பெனிக்கு அனுப்பணுமா? அனுப்புற செலவு யாரோடது?" என்று கேளுங்கள். அண்ணாச்சி தயங்காமல் "கொண்டாங்க, பாத்துக்கலாம்" என்றால், அச்சடித்த ஆயுட்கால அட்டையைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பேன். இணையத்தில் வாங்கும்போது விற்பவர் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று பார்த்துவிடுங்கள். அல்லாதவரிடம் வாங்கினால் கேரண்டி செல்லாது என்று சில நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

தவறான பயன்பாடு என்று நிறுவனம் மறுக்கும் இடங்களில் பாதிக்கு மேல் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பேனரின் நீளம் ஏனோதானோவென்று வைத்ததல்ல. 13 எண் ஸ்பேனர் ஒரு சாண் அளவுக்குத்தான் இருக்கும், அந்த போல்ட்டுக்குத் தேவையான முறுக்கைச் சாதாரணக் கைவலு அந்த நீளத்திலேயே கொடுத்துவிடும். அதன் வாலில் அரை மீட்டர் பைப்பைச் செருகினால் முறுக்கு மூன்று மடங்காகிறது. வாய் விரியும், அல்லது போல்ட் முறிந்து உள்ளேயே நிற்கும். பைப் செருகிய தடம் கைப்பிடியில் பதிந்திருக்கும். அதைப் பார்த்ததும் கம்பெனிக்காரர் புரிந்துகொள்வார். ஸ்க்ரூ டிரைவர் பிடியின் பின்புறம் சுத்தியல் காயம் இருந்தாலும் இதே கதைதான்.

மாறாக, உங்கள் பக்கம் நியாயம் இருப்பதை உடைந்த இடமே சொல்லும் சமயங்களும் உண்டு. உடைந்ததும் துடைக்காமல், அராவாமல், இரண்டு துண்டையும் படம் எடுங்கள். புதிதாகப் பிளந்த எஃகு சாம்பல் நிறத்தில் மணல்மணலாக மின்னும். அதன் நடுவே கறுத்தோ துருப்பிடித்தோ ஒரு திட்டு இருந்தால், அந்த இடம் இன்று பிளந்ததல்ல, முன்பே இருந்த விரிசல். பயன்படுத்தத் தொடங்கிய சில நாளில் உடைந்த கருவியில் இப்படிப்பட்ட திட்டு இருந்தால் உற்பத்திக் கோளாறு என்று தைரியமாக வாதாடலாம்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"

பில்லின் அடியில் இப்படி அச்சடித்திருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கைவிரித்தால் நம்பிவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படிக் கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். முதலில் கடை, பிறகு உறையில் உள்ள நிறுவன எண், அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முந்நூறு ரூபாய்ப் பிளேயருக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் 1915-இல் பதிவான புகார் நிறுவனத்துக்கே போகும், அதற்குப் பல சமயம் பதில் வருகிறது.

தொழில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிகத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கிய மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் நுகர்வோர்தான். சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. பில்லை ஷெட் பெயரில் போடுவதா சொந்தப் பெயரில் போடுவதா என்று யோசிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெப்பத்தாளில் அச்சாகும் பில் சில மாதத்தில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே கருவியோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

பழைய கருவிகள்

எந்த அட்டையும் இல்லாமல் விற்பது செகண்ட் ஹேண்ட் சந்தை. ஆனாலும் நல்ல பொருள் அங்கே கிடைக்கிறது. பல ஆண்டு அடிவாங்கியும் உடையாத ஸ்பேனர், தன் துவைச்சலைத் தானே நிரூபித்துவிட்டது. வாய் விரிந்திருக்கிறதா என்பதைக் கையோடு கொண்டுபோன போல்ட் சொல்லிவிடும். உளியின் தலை காளான்போல் விரிந்து ஓரங்கள் பிளந்திருந்தால் வேண்டாம், அல்லது அதை அராவி எடுக்கும் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஸ்பேனரை நூலில் தொங்கவிட்டு இன்னோர் இரும்பால் தட்டினால் கணீரென்று நீண்டு ஒலிக்க வேண்டும். சத்தம் மொட்டையாக நின்றால் விரிசல் இருக்கலாம். சந்தேகம் தீரவில்லையா? மண்ணெண்ணெய் கிடைத்தால் தடவிக் கொஞ்சநேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல மேலேறித் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். கோடு தெரிந்த கருவியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம். வேறு யார் கைக்கும் கொடுக்க வேண்டாம்.